சாமியாடிக்கு ஓ.எஸ்.எஸ். கெடையாது

ஏலே பேராண்டி, அந்தப் பொட்டிய மூடுல மொதல்ல. ராத்திரி பூரா ரயில்ல வந்திருக்க. ஆச்சி ஊத்தித் தந்த காப்பி ஆடை புடிச்சிக் கெடக்கு. நீ திண்ணையில சம்மணம் போட்டு, லேப்டாப்ப மடியில வச்சிக்கிட்டு லென்ஸ் பாத்துக்கிட்டு இருக்க. பொங்கலுக்கு வந்தப்போ, "தாத்தா, தெனமும் கையோட வச்சிக்கிடுத மாதிரி ஒரு சின்ன ஜூம் லென்ஸ் வாங்கப் போறேன்"னு சொன்ன. இப்ப பங்குனி உத்திரம் வந்தாச்சி. சாஸ்தா கோயிலுக்குக் கொண்டுபோவ பொங்கப்பானை வெளக்கியாச்சி. நீ இன்னும் வாங்கப் போயிக்கிட்டே இருக்க.

38 சன்னல் தொறந்து வச்சிருக்க. எண்ணிட்டேன். எங்க அப்பா உழவுமாடு வாங்க சந்தைக்குப் போனா பல்லப் புடிச்சிப் பாப்பாவ, சுழி பாப்பாவ, கடைசியில கயித்தப் புடிச்சி ஒரு அம்பது அடி நடத்திப் பாப்பாவ. அம்புட்டும் ஒரு மத்தியானத்து வேலை. நீ மூணு மாசமா சுழி மட்டும் பாத்துக்கிட்டு இருக்க. அது என்ன எளவு, எம்.டி.எஃப். வரைபடமா? நடுவுல கோடு மேல நிக்கி, ஓரத்துல பள்ளத்துல எறங்குது. அதப் பாத்து உன் மூஞ்சியும் எறங்குது. நம்ம ஊருல எவன்ல படத்தோட ஓரத்தப் பாத்திருக்கான்? தன் மூஞ்சி எங்கன இருக்குன்னுதான் பாப்பான். மாட்ட நடத்திப் பாத்தியா, அதச் சொல்லு.

கேமராவக் கொண்டா இங்க.

சோனி ஏ6400. பேட்டரியோட 403 கிராம். முன்னால பணியாரம் கணக்கா ஒட்டிக்கிட்டு இருக்கு பாரு, 16-50, அதத்தான் ஒழிச்சிக் கட்டணும்னு நிக்க. கேமரா வாங்கும்போது கூடவே வந்துட்டுல்லா, அதனால அதுக்கு மரியாதி இல்ல. 'கிட் லென்ஸ்'னு சொல்லும்போதே உனக்கு வாயி ஒரு பக்கமா கோணுது. அதோட எடை தெரியுமால? 116 கிராம். ஆச்சியோட வெத்தலச் செல்லத்துல பாக்குவெட்டி மட்டும் அதவிடக் கனக்கும். கேமராவ அணைச்சா மூணு சென்டிமீட்டருக்கு ஒடுங்கி உள்ள போயிருது, ஆமை தலைய இழுத்துக்கிட்ட மாதிரி.

இத 16-ல வச்சி நம்ம வீட்டு வாசல ஒரு படம் எடு. ரா ஃபைல எந்தத் திருத்தமும் செய்யாம தொறந்து பாரு. நெலைக்கால் ரெண்டும் புள்ளத்தாச்சி வயிறு கணக்கா வெளிய தள்ளிக்கிட்டு நிக்கும். நாலு மூலையும் கருத்துக் கெடக்கும். கேமராவுக்குள்ள ஒரு கணக்குப்புள்ள ஒக்காந்திருக்கான். அவன் அத இழுத்து நிமித்தி, கருத்த மூலைய வெட்டி விட்டுட்டு, நேரான வாசலா உன்கிட்ட நீட்டுதான். அந்தக் காலத்துல கண்ணாடி மேல கண்ணாடியா அடுக்கிச் செஞ்ச வேலைய இப்ப கணக்கு செய்யுது. அதனாலதான் லென்ஸ் பணியாரம் சைசுக்கு வந்திருக்கு. இத ஏமாத்துன்னு ஒருத்தன் சொன்னான்னு நீ பொலம்புன. ஏலே, நான் நெகட்டிவ் மேல பென்சில வச்சி எத்தன பேரு மூஞ்சியில அம்மத் தழும்ப மறைச்சிருக்கேன் தெரியுமா? அந்தப் படத்தப் பாத்து எத்தன கல்யாணம் நடந்திருக்கு! ஒருத்தரும் திரும்பி வந்து கேட்டதில்ல.

நான் ஒண்ணும் ஜூமுக்குப் பொறந்தவன் இல்ல. 1978-ல அம்பாசமுத்திரத்துல ஸ்டுடியோ போட்டப்போ என்கிட்ட இருந்தது ஒரே ஒரு யாஷிகா மேட் 124 ஜி. 80 மி.மீ. லென்சு, எஃப் 3.5. கழத்தவும் முடியாது, மாத்தவும் முடியாது. கட்டுன பொண்டாட்டி கணக்கா அது பாட்டுக்கு இருக்கும். ஒரு ரோலுக்கு 12 படம். பதிமூணாவது படம் வேணும்னா பையில துட்டு இருக்கான்னு பாக்கணும். ஊட்டியில இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் செஞ்ச இந்து பிலிம மாட்டி, கல்யாணம், சடங்கு, பொணம் எல்லாத்தையும் அந்த ஒத்தக் கண்ணாடியிலதான் எடுத்தேன்.

உங்க ஆளுவ சொல்லுதாவல்லா, ஜூம் எதுக்கு, காலால முன்ன பின்ன நடந்துக்கிட்டா போதும்னு. நான் நடந்தவன்ல. 1983-ல ஒரு கோயில் கல்யாணம். மாப்பிள்ள வீட்டு ஆளுவ மட்டும் அறுவது பேரு, ஒருத்தரையும் விடக்கூடாதுன்னாவ. ஓரத்துல நிக்க மாமன் ஃபிரேமுக்குள்ள வரல. ஒரு அடி பின்னால போனேன். இன்னொரு அடி. தலைய யாஷிகாவுக்குள்ள கவுத்துக்கிட்டு இன்னும் ஒரு அடி. பொறத்தால தெப்பக்குளம். கேமராவ மட்டும் தலைக்கு மேல தூக்கிப் புடிச்சிக்கிட்டு உள்ள போயிட்டேன். மேல வந்து வேட்டியப் புழிஞ்சிட்டு அடுத்த படத்த எடுத்தேன். அந்த ஆல்பத்துலயே எல்லாரும் பல்லு தெரியச் சிரிச்ச படம் அது ஒண்ணுதான். அதுல இருந்து காலால ஜூம் பண்ணச் சொல்லுதவனப் பாத்தா, "ஒனக்கு நீச்சல் தெரியுமாய்யா?"ன்னு மட்டும் கேப்பேன்.

ஜூமும் நேத்து வந்த சரக்கு இல்ல. 35 மி.மீ. கேமராவுக்கு மொத ஜூம் லென்ஸ 1959-லயே ஃபோக்ட்லாண்டர்னு ஜெர்மன் கம்பெனி போட்டாச்சி. சூமார்னு பேரு. 36-ல இருந்து 82 வரைக்கும் போவும், எஃப் 2.8. இப்ப நீ 38 சன்னலையும் தொறந்து வச்சித் தேடுதது என்ன? சிக்மா 18-50, எஃப் 2.8. உன் கேமராவுல சென்சார் சின்னது, 23.5-க்கு 15.6 மி.மீ., அதனால ஒன்றரையால பெருக்கு. 27-ல இருந்து 75. அம்புட்டுதான். எங்க காலத்துக்காரன் கேட்டதையேதான் நீயும் கேக்க. என்ன, அது குண்டாங்கல்லு கணக்கா இருக்கும். இது 300 கிராம்கூட வராது.

சரி, மாட்ட நடத்துவோம். கயித்தப் புடி.

நாளைக்குக் காலையில சாஸ்தா கோயில். நம்ம குடும்பம் மொத்தமும் ஆலமரத்தடியில நிக்கும். படம் நீதான் எடுக்கணும்னு உங்க அத்த இப்பவே சொல்லிட்டா. அங்கனயும் பொறத்தால கால்வா. உன் பணியாரம் 16-ல 83 டிகிரி பாக்கும். சிக்மா 18-ல 76 டிகிரி சொச்சம். ரெண்டு மில்லிமீட்டர்ல என்ன வந்துரப் போவுதுன்னு நெனைப்ப. அந்த ஏழு டிகிரிக்குள்ளதான் உங்க சின்னத் தாத்தா நிப்பாரு. அவரு படத்துல விழலன்னா அடுத்த பங்குனி வரைக்கும் பேச மாட்டாரு. ஆனா இதையும் கேட்டுக்கோ. 16-ல வச்சி ஓரத்துல நிறுத்துனா மனுசன் பக்கவாட்டுல இழுபட்டு மொடா கணக்கா ஆயிருவான். உங்க அத்தைய ஓரத்துல நிறுத்தி எடுத்த, நீ இந்த வீட்டுல சோறு திங்க முடியாது. ஒல்லியான ஆளுவள ஓரத்துல நிறுத்து. எந்த லென்சு வாங்குனாலும் இது செல்லும்.

சாயங்காலம் அவரவர் குத்துக்கல்லுல ஒக்காந்து பேசிக்கிட்டு இருக்கும்போது நீ ஆச்சிய எடுக்கணும். ரெண்டு காதுலயும் பாம்படம் ஆடுதுல்லா, அதக் கிட்டப் போயி எடு. சிக்மா 18-ல 12.1 சென்டிமீட்டர் வரைக்கும் கிட்டப் போவும்னு போட்டிருக்கான். அது சென்சார்ல இருந்து அளக்குத கணக்கு. லென்சோட மூக்குக்கும் பாம்படத்துக்கும் நடுவுல ஒண்ணரை விரக்கட கூட இருக்காது. உன் நெழலே அது மேல விழும், ஆச்சி உன் கன்னத்துல ஒண்ணு வைப்பா. 50-ல வச்சி கொஞ்சம் தள்ளி நின்னு, 2.8-ல எடு. பாம்படத்துல தட்டான் அடிச்ச உருட்டு ஒவ்வொண்ணும் தெரியும். பொறத்தால இருக்க அடுப்பு, சட்டி, வாரியல் எல்லாம் பனி மூடுன மாதிரிப் போயிரும். உன் பணியாரத்துல வாரியலும் சேந்தே தெரியும்.

இப்ப முக்கியமான எடத்துக்கு வாரேன். இந்த 2.8, 5.6-ங்கறது என்னது? மடை. குளத்து மடைய அகலமாத் தொறந்தா தண்ணி பாயும், கொஞ்சமாத் தொறந்தா கசியும். இதுல எண்ணு சின்னதா இருந்தா மடை பெருசுன்னு அர்த்தம். இந்தக் கணக்க எழுதுனவன் நிச்சயமா வட்டிக்கடை வச்சிருந்திருப்பான். 2.8-ல வாரதுல பாதி வெளிச்சம் 4-ல வரும். அதுல பாதி 5.6-ல வரும். ஆக, 2.8-க்கும் 5.6-க்கும் நடுவுல நாலு மடங்கு. உன் பணியாரம் 16-ல இருக்கும்போது 3.5 வரைக்கும் தொறக்கும். 50-க்கு இழுத்தியோ, மடை 5.6-க்குச் சுருங்கிரும். கிட்டப் பாக்கணும்னு நீ ஆசப்படும்போதெல்லாம் அது கண்ண எடுக்கிக்கிடும்.

பகல்ல இதுல ஒரு பாதகமும் இல்ல. பங்குனி வெயில்ல நம்ம ஊருக்கு எந்த லென்சும் நல்ல லென்சுதான். எஃப் 8-ல வச்சி எடுத்துட்டு, எது எதுல எடுத்ததுன்னு உன் 38 சன்னல்காரனுவளையும் கேளு. முழிப்பானுவ.

ராத்திரியில்லா இருக்கு கத. போன ஆடிக் கொடைக்கு நீ எடுத்த படம் ஞாபவம் இருக்கால? நடுச்சாமம். மாடசாமி கோயில் பந்தல்ல நாலு டியூப்லைட்டு. மேளம் ஒச்சமாயிட்டு வருது. சாமியாடி சல்லடம் கட்டி, ஒரு கையில வல்லயம், ஒரு கையில தீப்பந்தத்தோட எந்திச்சிட்டாரு. நீயும் அடிச்ச, படபடன்னு நூறு படம். காலையில கம்ப்யூட்டர்ல போட்டுக் காட்டுன. பந்தக்கால் துல்லியமா இருந்திச்சி. டியூப்லைட்டுல எழுதியிருந்த உபயதாரர் பேரு துல்லியமா இருந்திச்சி. ஓரத்துல தூங்கிக்கிட்டிருந்த நாய் ரோமம் ரோமமா இருந்திச்சி. சாமியாடியக் காணும். அவரு நின்ன எடத்துல மஞ்சப்பூசுன பொகை ஒண்ணு நின்னிச்சி.

"ஓ.எஸ்.எஸ். இருக்கே தாத்தா, எப்பிடி ஆடுச்சி?"ன்னு கேட்ட. கோட்டிக்காரப் பயல. ஓ.எஸ்.எஸ். உன் கை நடுக்கத்தத்தான் புடிக்கும். அதான் நாயும் பந்தக்காலும் ஆடாம விழுந்திருக்கு. சாமியாடி நடுக்கத்த அது எப்பிடில புடிக்கும்? அவரு ஆடுதத நிறுத்த பூசாரி துன்னூறு போட்டே முடியல. சாமியாடிக்கு ஓ.எஸ்.எஸ். கெடையாது. ஓடுத புள்ளைக்குக் கெடையாது. தலையாட்டுத மாட்டுக்கும் கெடையாது. அதுக்கெல்லாம் ஷட்டர் வெரசா அடிக்கணும். வெரசா அடிக்கணும்னா மடை அகலமா இருக்கணும்.

கணக்குப் போட்டே காட்டுதேன். அந்தப் பந்தல்ல 2.8-ல, ஐ.எஸ்.ஓ. 3200 வச்சா, நொடியில 125-ல ஒரு பங்கு கெடைக்கும்னு வச்சிக்கோ. சாமியாடி கொஞ்சம் மூச்சு வாங்கி நிக்க நேரத்துல அதுல மூஞ்சி நின்னுரும். அதே எடத்துல உன் பணியாரம் 50-ல 5.6. இப்ப 30-ல ஒரு பங்குதான் கெடைக்கும். அதுல பொகைதான் விழும். இல்ல, 125-தான் வேணும்னா ஐ.எஸ்.ஓ.வ 12800-க்கு ஏத்து. அப்ப சாமியாடி நிப்பாரு, மூஞ்சி பூரா கம்பு தூவுன மாதிரி இருக்கும். 2.8-க்கு நீ கொடுக்க துட்டு இந்த ஒரு ராத்திரிக்குத்தான். வருசத்துல ஒரு ராத்திரியாவது இப்பிடி எடுப்பன்னா வாங்கு. பகல்ல பூவையும் புட்டுத்தட்டையும் மட்டும் எடுப்பன்னா, இருக்கத வச்சிக்கிட்டுப் போயி அந்தக் காப்பியக் குடி.

அப்பிடின்னா டாம்ரான் 17-70 வாங்கட்டுமான்னு வாயெடுக்க, தெரியிது. அதுவும் 2.8. கை நடுக்கத்துக்கும் அதுல வழி உண்டு. 70 வரைக்கும் நீளும். எல்லாம் இருக்கு. 525 கிராமும் இருக்கு. உன் கேமராவவிட லென்சு கனம். வண்டியவிட மாடு பெருசு. சோனிக்காரன் 2019-ல போட்ட 16-55 இருக்கு. கண்ணாடி அருமை, 16-லயே தொடங்குது, சின்னத் தாத்தாவும் உள்ள வந்துருவாரு. அது 494 கிராம். அதுல ஓ.எஸ்.எஸ்.சும் கெடையாது. தினமும் கையோட வச்சிக்கிடணும்னு நீதானல கேட்ட?

உங்க பெரியப்பன் மவனக் கேளு. அவன் முழு சைசு சென்சார்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நின்னு, கூடவே 24-70 லென்சு ஒண்ணு வாங்குனான். 2.8-தான், ராசா மாதிரி லென்சு, 695 கிராம். மொத மாசம் கழுத்துலயே கெடந்திச்சி. ரெண்டாவது மாசம் பையில. மூணாவது மாசம் பீரோவுல. அவன் புள்ளைக்கு மொத மொட்டை அடிச்ச அன்னைக்கு திருச்செந்தூர்ல எடுத்த படம் எல்லாம் எதுல எடுத்ததுங்க? செல்போன்ல. "கனமா இருந்திச்சி தாத்தா, வீட்டுலயே வச்சிட்டேன்"ங்கான். புள்ளைக்கு மொத மொட்டை இன்னொரு தடவ அடிக்க முடியுமால?

கடைக்காரன் எடையப் பொடி எழுத்துல கீழ போடுவான். நான் அதத்தான் மொதல்ல வாசிப்பேன்.

நேத்து போன்ல ஒரு வேலை சொன்னம்லா, செஞ்சியா? போன வருசம் எடுத்த படத்தையெல்லாம் தொறந்து, எது எது எத்தன மில்லிமீட்டர்ல எடுத்ததுன்னு எண்ணச் சொன்னேன். ஒவ்வொரு படத்துக்குள்ளயும் அது எழுதியிருக்கும். மூணு மாசமா ஊரான் சொல்லுதத வாசிச்சவனுக்கு உன் கை என்ன சொல்லுதுன்னு வாசிக்க நேரமில்ல. காட்டு. ஹும். பாதிக்கு மேல 16. அதுக்கு அடுத்து 50. நடுவுல 22, 28, 35 எல்லாம் அங்கொண்ணும் இங்கொண்ணும், பஞ்சத்துக்கு மொளச்ச பயிறு கணக்கா. ஜூம் வச்சிருக்க முக்காவாசிப் பேரு இப்பிடித்தான். ஒரு ஓரத்துல இருந்து இன்னொரு ஓரத்துக்கு ஓடுவாவ, நடுவழியில எறங்க மாட்டாவ. சரி, அந்த 50-ல எடுத்ததுல எத்தன படத்த வெட்டிப் பெருசாக்கியிருக்க? நாலோ அஞ்சோ. எல்லாம் தேரோட்டத்துல எடுத்தது. அப்பிடின்னா 70 உனக்குப் பெருசாத் தேவை இல்ல. தேருக்காக ஒரு லென்சு வாங்குததுக்குப் பதிலா தேருக்குக் கிட்டப் போயி வடத்தப் புடிச்சி இழு. புண்ணியமும் உண்டு.

தூரமும் வேணும், கனமும் கூடாதுன்னா 18-135 ஒண்ணு இருக்கு. 325 கிராம்தான். பகல் யாத்திரைக்கு அதவிட சௌரியமான சாமான் இல்ல. ஆனா மடை அதே 3.5, 5.6. மாடசாமி அதுலயும் பொகைதான்.

ஒரு கேள்விக்கு மட்டும் ஒளிக்காமப் பதில் சொல்லு. வீடியோ எடுப்பியா? நடந்துக்கிட்டே எடுப்பியா? சிக்மாவுல நடுக்கத்துக்கு மருந்து இல்ல. உன் ஏ6400 பாடிக்குள்ளயும் இல்ல. ஏ6500-லயும் ஏ6600-லயும் ஏ6700-லயும் உள்ளயே வச்சிருக்கான். நீ நடந்துக்கிட்டு வீடியோ எடுத்தா, பாக்கவனுக்கு மலைப்பாதையில பஸ்சுல கடைசி சீட்டுல போற மாதிரி கொமட்டும். அதுக்குன்னா டாம்ரான வாங்கிக்கிட்டுத் தோள்வலிக்குத் தைலமும் வாங்கிக்கோ. வீடியோ எனக்கு வேண்டாம், நின்ன எடத்துல எடுத்தாப் போதும்னா சிக்மா. இதுல ரெண்டு கண்ணும் வேணும்னு நீ அழக் கூடாது, எனக்கும் வயசாச்சி.

உன் சேக்காளி ஒருத்தன் புஜி வச்சிருக்கான்னியே, அவன் இந்தக் கூட்டத்துல சேரவே வேண்டாம். அவனுக்குக் கூட வந்த 18-55-ஏ 2.8-ல தொடங்கி 4-ல முடியும், நடுக்கத்துக்கும் மருந்து உண்டு, 310 கிராம். அத வித்துட்டு வேற வாங்கணும்னு சொன்னான்னா அவனுக்குப் படத்துல ஆச இல்ல, கடைத்தெருவுலதான் ஆச. மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸ்காரனுக்கு 12-32-னு ஒண்ணு இருக்கு, 70 கிராம். தொலைஞ்சா சோத்துக்குள்ளதான் தேடணும்.

வாங்குத எடத்துல ரெண்டு சொல்லுதேன். ரெண்டாம் கையா வாங்குதியா, வாங்கு, தப்பில்ல. போன் டார்ச்ச லென்சுக்குப் பின்னால புடிச்சி, முன்னால இருந்து சரிச்சிச் சரிச்சிப் பாரு. தூசி ரெண்டு இருந்தா இருந்துட்டுப் போவுது, படத்துல விழாது. நூல் நூலா, செலந்தி வல கணக்கா ஓடியிருந்தா கீழ வச்சிட்டு நடையக் கட்டு. பூஞ்சை. அதுக்கு நான் குடுத்த வெலை எனக்குத்தான் தெரியும். யாஷிகாவ அழகாத் தோல் உறையில போட்டு, அந்துருண்டை வாசத்தோட பீரோவுல பூட்டி வச்சேன். தோலு ஈரத்தக் குடிக்கும்னு எனக்கு யாரும் சொல்லல. ரெண்டு ஐப்பசி அடமழை. தொறந்து பாத்தா கண்ணுக்குள்ள புரை விழுந்திருக்கு. அரிசிக்குள்ள போட்டு வைன்னு சொல்லுவாவ, கேக்காத, தவிடுதான் ஏறும். காத்துப் போவாத டப்பாவுல சிலிக்கா ஜெல் பொட்டலத்தப் போட்டு வை. அதவிட நல்லது, வாரத்துக்கு ரெண்டு நாளு வெளிய எடுத்துப் படம் புடிக்கது.

பெறவு, அந்த லென்சோட பூ மாதிரி ஒரு ஹுட் வரும். வெளக்கும் வெயிலும் ஓரத்துல இருந்து அடிக்காம மறைக்கத்தான் அது. அதத் திருப்பிப் போட்டுக்கிட்டு ஊரெல்லாம் லாந்துதானுவ. மழைக்குக் கொடையக் கவுத்துப் புடிச்சிக்கிட்டுப் போறவன் மாதிரி. குத்தாலத்துச் சாரலுக்குக் கொண்டுபோனியன்னா துண்டால மூடிக்கோ. சிக்மாவுல மாட்டுத வாயில மட்டும்தான் ரப்பர் வளையம் உண்டு, ஒடம்பு பூரா கெடையாது.

ஆக, 18-50-ஐ வாங்கு. நாளைக்கு சாஸ்தா கோயில் படத்த மட்டும் பணியாரத்துல எடுத்துரு, சின்னத் தாத்தா உள்ள வரட்டும். புதுசு ஆடிக் கொடைக்கு முன்னால வந்தாப் போதும்.

ஆமா, புதுசு வந்த பெறவு இந்த 16-50-ஐ என்ன செய்யப் போற? விக்கப் போறியா? விக்காதல. நீதான் அதுக்கு மரியாதி இல்லங்கியே, வித்தா என்ன பெருசாத் தேறிரும்? உள்ள போயி பீரோவத் தொற. வேட்டி அடுக்குக்குக் கீழ மஞ்சப்பைக்குள்ள ஒண்ணு இருக்கும், எடுத்துட்டு வா. உங்க மாமா விட்டுட்டுப் போன ஏ6000. லென்சு தாமிரவருணியில போயிட்டு, பாடி மட்டும் மூணு வருசமா வாயப் பொளந்துக்கிட்டுக் கெடக்கு. சிலிக்கா ஜெல் போட்டுத்தான் வச்சிருக்கேன். அதுக்கும் உன்னோடதுக்கும் ஒரே மவுண்ட்டு. அந்த 116 கிராம பத்திரமா வச்சிரு. ஆடிக்கு வரும்போது எனக்குன்னு கொண்டாந்து குடுத்துரு. மூடியோட.